வெரா ஹுடாக் போட்ட விதி

வெரா ஹுடாக் கிள்ளி ஒட்டிய பியரோகிக் கொழுக்கட்டை கொதிநீரில் பிளந்ததாக ப்ரெஸ்லினில் யாரும் சொல்ல மாட்டார்கள். அவளைப் பிடிக்காதவர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

தவக்காலம் தொடங்கிவிட்டால் வியாழக்கிழமை காலைகளில் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசைகள் விரிந்துவிடும். ஒரு மேசையில் மாவைத் தேய்த்து வட்டம் வெட்டுவார்கள். அடுத்ததில் மசித்த உருளைக்கிழங்கையும் சீஸையும் சேர்த்து உருட்டுவார்கள். மூன்றாவது மேசை கிள்ளுகிறவர்களுடையது. வட்டத்தின் நடுவில் உருண்டையை வைத்து மடித்து, விளிம்பை விரல்களால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அந்த மேசைக்கு யாரும் தானாகப் போய் உட்கார்ந்துவிட முடியாது. வெரா கூப்பிட வேண்டும். அடுப்படியில் நிற்கும் டோலி, பிளந்து கிழங்கைக் கக்கிய ஒன்றைக் கரண்டியில் தூக்கிப் பிடித்து, "இது யாரு பெத்தது?" என்று கத்துவாள். பெற்றவள் அன்றைக்குப் பாத்திரம் கழுவப் போக வேண்டியதுதான்.

வெரா பென்சில்வேனியாவின் அந்தப் பள்ளத்தாக்கை விட்டு எங்கும் போய் வாழ்ந்ததில்லை. சுரங்கங்கள் மூடிய பிறகு அவளுடைய அம்மா சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்தாள். பள்ளி முடித்ததும் வெராவும் அதே வரிசையில், அம்மாவுக்கு இரண்டு இயந்திரம் தள்ளி உட்கார்ந்தாள். தொழிற்சாலையும் மூடியது. அதன் பிறகு பள்ளிப் பேருந்து ஓட்ட வந்தாள். கணவன் எட் சிறைச்சாலையில் காவலனாக இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் எந்த அறைக்குள் போனாலும் கதவைச் சாத்தி, சாத்தியதா என்று இழுத்துப் பார்ப்பான்.

பியரோகி விற்ற பணம் முதலில் தேவாலயத்தின் கூரைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கூரை வேலை முடிந்த வருடம் வெராதான் எழுந்து, "கூரைக்கு மேல இனி போட என்ன இருக்கு? பிள்ளைங்க படிப்புக்குப் போடுவோம்" என்றாள். தொழிற்சாலை மூடி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்கள்தான் அப்போது அந்தக் கீழ்த்தளத்தில் நிறைந்திருந்தார்கள். யாரும் மறுக்கவில்லை. பெந்தெகொஸ்தே ஞாயிறன்று பூசை முடிந்ததும் நான்கு பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லாரும் எழுந்து நின்று கைதட்ட, பாதிரியார் பண உறையைக் கையில் கொடுப்பார்.

ஒரு வருடம் அந்த உறைகளில் ஒன்று வெராவின் மகன் டேலுக்குக் கிடைத்தது. அவன் அதை வாங்கிய கையோடு ஒரு கறுப்புப் பிக்கப் வண்டிக்கு முன்பணம் கட்டினான். கல்லூரி திறந்தபோது அவன் கரோலினாவில் வீடுகளுக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான். இப்போதும் அங்கேதான். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வான்.

அடுத்த கூட்டத்தில், யாரும் எதுவும் பேசுவதற்கு முன்னால், வெரா எழுந்தாள். பணத்தைத் தானும் எட்டும் திருப்பிக் கட்டிவிடுவதாகச் சொன்னாள். பிறகு, "இனிமே காசு எந்தப் பிள்ளை கையிலயும் போகக் கூடாது. காசோலை நேரா காலேஜ் பேருக்கு" என்றாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன. பொருளாளர் பெர்னி சபோல், காப்பீட்டு வேலையில் தலை நரைத்தவர், அதை அழகான கையெழுத்தில் விதிகளோடு சேர்த்து எழுதிவைத்தார். பெற்ற பிள்ளையின் தப்புக்காக விதி போட்டவள் என்று வெராவுக்கு ஊரில் ஒரு மரியாதை வந்தது. அந்த மரியாதை அவளுக்குச் செருப்பில் ஏறிய கல் மாதிரி இருந்தது. நடந்துகொண்டுதான் இருந்தாள்.

மாயெலின் முதன்முதலில் வெராவின் பேருந்தில் ஏறியபோது மூன்றாம் வகுப்பு. நெடுஞ்சாலை ஓரமாகக் கிடங்குகள் முளைத்து, அவற்றில் பெட்டி தூக்க டொமினிக்கன் நாட்டுக் குடும்பங்கள் ப்ரெஸ்லினின் பழைய வரிசை வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த காலம். அந்தப் பெண் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையைப் பிடித்துக்கொண்டு, வெரா கத்துவதையெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷில் திருப்பிக் கத்துவாள். வெரா ஒரு வரி சொன்னால் மாயெலின் மூன்று வரி சொல்வாள்.

"நான் சொன்னதவிட அதிகமா இருக்கே?" என்று வெரா கண்ணாடியில் பார்த்துக் கேட்பாள்.

"கொஞ்சம் திட்டும் சேர்த்துக்கிட்டேன், மிஸ் வெரா."

பத்தாம் வகுப்பில், பள்ளிக்கூடம் சமூக சேவை செய்த நேரத்தைக் காட்டச் சொன்னது என்று கீழ்த்தளத்துக்கு வந்தாள். நேரம் முடிந்த பிறகும் வந்துகொண்டிருந்தாள். அடுத்த தவக்காலத்தில் வெரா அவளை மூன்றாவது மேசைக்குக் கூப்பிட்டாள். எதிரில் இருந்த ரெஜினா வார்கோ தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். ரெஜினா அந்த மேசைக்கு வர எட்டு வருடம் பாத்திரம் கழுவியவள்.

ஒரு நாள் மாயெலினை அழைத்துப்போக அவள் அம்மா டிக்னா வந்தாள். கிடங்கு வேலைக்குப் போடும் மஞ்சள் மேலங்கியோடு நின்று மேசையைப் பார்த்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ கேட்டாள். மாயெலின் சொல்லத் தயங்கினாள்.

"சொல்லுடி. எங்கள திட்டினாங்களா?" என்றாள் டோலி.

"இதேதான் எங்க ஊர்ல பாஸ்தெலிட்டோவாம். பொன்னா பொரிக்க வேண்டியத ஏன் தண்ணியில போட்டுக் கொல்றீங்கன்னு கேக்கிறாங்க."

அடுப்படி வரை சிரிப்பு போனது. "உங்கம்மாவ அடுத்த வாரமும் வரச் சொல்லு," என்றாள் டோலி. "வாய மட்டும் வீட்டுல வெச்சுட்டு வரச் சொல்லு."

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லூரியில், செவிலியர் படிப்புக்கு மாயெலினுக்கு இடம் கிடைத்தது. தனியார் கல்லூரி. கட்டணத்தைக் கேட்டு எட் விசிலடித்தான். ஆனால் குடும்ப நிலையைப் பார்த்துக் கல்லூரியே பெரிய மானியம் ஒன்றைத் தந்தது. கொஞ்சம் கடன். மீதி, குடும்பத்தின் பங்கு என்று கணக்குத் தாளின் அடியில் போட்டிருந்தது. அந்தப் பங்குதான் டிக்னாவால் முடியாதது. ஆகஸ்ட் நடுவுக்குள் அதைக் கட்டாவிட்டால் இடம் போய்விடும். வழக்கமாக நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் தேவாலயத்துப் பணத்தை ஒரே ஆளுக்குக் கொடுத்தால் அந்தப் பள்ளம் கிட்டத்தட்ட அப்படியே நிரம்பிவிடும். வெரா அதைத்தான் கேட்டாள்.

"வந்து பத்து வருஷம் ஆகல. அதுக்குள்ள முழுசா தூக்கிக் குடுக்கணுமா?" என்றாள் ரெஜினா.

"உங்க தாத்தா வந்து பத்து வருஷத்துல என்னத்தக் கிழிச்சாராம்?" என்றாள் வெரா.

"சுரங்கத்துல வேலை பாத்தாரு."

"அவர் எங்க வேலை பாத்தாரு? அவர் குடிச்சதுக்கு எங்க தாத்தா வேலை பாத்தாரு."

சிரிப்போடு சிரிப்பாகக் கைகள் உயர்ந்தன. போதுமான அளவுக்கு உயர்ந்தன. பெந்தெகொஸ்தே அன்று மாயெலினின் பெயரைப் பாதிரியார் கொஞ்சம் தப்பாக உச்சரித்தார். டிக்னா வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் நின்று, யாருக்காகக் கைதட்டுகிறோம் என்பதே மறந்ததுபோல் எல்லாரையும் பார்த்துக் கைதட்டினாள். காசோலை, விதிப்படி, நேராகக் கல்லூரிக்குப் போனது.

ஜூலை மாதத் தேவாலயத் திருவிழாவில் வெரா பிளீனிக் கடையில் நின்றாள். துருவிய உருளைக்கிழங்கைத் தட்டையாக எண்ணெயில் விட்டு, ஓரம் சிவந்ததும் திருப்பிப் போட வேண்டும். வரிசை சாலை வரை நீண்டிருந்தது. மாயெலின் வரிசையில் நிற்காமல் கடையின் பக்கவாட்டில் வந்து நின்றாள்.

"வரிசையில வா, தாயே. இல்லன்னா ரெஜினா என்னையே பொரிச்சுடுவா."

"பிளீனி வேணாம், மிஸ் வெரா."

வெரா அவள் முகத்தைப் பார்த்தாள். திருப்பும் கரண்டியை டோலியிடம் கொடுத்துவிட்டு, அப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கூடாரத்துக்குப் பின்னால், அக்கார்டியன் சத்தத்தில், மாயெலின் கைபேசியை நீட்டினாள். கல்லூரியிலிருந்து புதுக் கணக்கு வந்திருந்தது.

"இது நம்ம சர்ச் காசு, பாருங்க. வந்துடுச்சு. இது காலேஜ் மானியம். முன்னாடி இருந்ததவிட குறைஞ்சிருக்கு. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னா, நம்ம காசு எவ்வளவோ அவ்வளவு."

"அப்ப கீழ இருக்கிறது?"

"அது அப்படியேதான் இருக்கு."

வெரா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "கூட்டல் தப்பா போட்டிருப்பானுங்க."

"கூட்டல் சரியாத்தான் இருக்கு, மிஸ் வெரா. அதுதான் பிரச்சனை."

அடுத்த வாரம் இருவரும் வெராவின் பழைய பியூக் காரில் மலை ஏறி இறங்கினார்கள். வெரா ஞாயிற்றுக்கிழமை உடையை உடுத்தியிருந்தாள். உதவித்தொகை அலுவலகத்தில் இருந்த பெண் இளையவள், மென்மையானவள், பெயர் ஹாலோவே. மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மிட்டாய் இருந்தது.

"உங்க தேவாலயத்துக்கு நாங்க ரொம்ப நன்றி சொல்லணும்," என்று அவள் ஆரம்பித்தாள்.

"எதுக்கு? உங்களுக்கு நாங்க எதுவும் குடுக்கலியே."

ஹாலோவே பொறுமையாகச் சொன்னாள். "ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு தேவைன்னு முதல்ல பாப்போம். அந்தத் தேவையை நாங்க நிரப்பறோம். வெளியிலிருந்து உதவி வந்தா, தேவை அந்த அளவுக்குக் குறைஞ்சிடுது. அதனால எங்க மானியமும் குறையும்."

"கடன்ல குறைச்சிருக்கலாமே?"

"சில காலேஜ்ல அப்படிச் செய்யறாங்க. இங்க மானியத்துலதான் முதல்ல கை வெக்கணும்னு கொள்கை."

"சரி. இவங்கம்மா பங்கு இருக்கே, அதுக்கு வெச்சுக்கக் கூடாதா? அதுக்குன்னுதான குடுத்தோம்?"

"குடும்பப் பங்கு குடும்பம் கட்ட வேண்டியது. அதுக்குப் பதிலா வெளிப்பணத்த வெக்க முடியாது."

வெரா கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டாள். "எனக்குப் புரிஞ்சத சொல்றேன், சரியான்னு பாருங்க. தவக்காலம் பூரா நாங்க நின்னு கிள்ளினோம். இவளும் நின்னு கிள்ளினா. அந்தக் காசு இவளுக்குன்னு இங்க வந்துச்சு. வந்ததும் நீங்க உங்க காசை எடுத்துக்கிட்டீங்க. இவ நின்ன இடத்துலயே நிக்கிறா."

"எடுத்துக்கலைங்க. அது இன்னொரு மாணவருக்குப் போகும்."

"யாருக்கு?"

"அதைச் சொல்ல முடியாது."

"பேரு வேணாம். எங்க ஊருப் பிள்ளையா?"

ஹாலோவே மிட்டாய் ஜாடியை அவர்கள் பக்கம் நகர்த்தினாள். யாரும் எடுக்கவில்லை. மாயெலின் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்காக இத்தனை வருடம் திருப்பிச் சொன்னவளுக்கு, இங்கே திருப்பிச் சொல்ல ஒரு வார்த்தையும் கிடைக்கவில்லை.

"காசோலைய நாங்க திரும்ப வாங்கிக்கிட்டா?" என்றாள் வெரா.

"குடுத்தவங்க திரும்பக் கேட்டா அனுப்பிடுவோம். மானியம் பழையபடி வந்துடும்."

"அதுக்கப்புறம்?"

ஹாலோவே கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தாள். "ஒரு குடும்பத்துக்கு அக்கம்பக்கத்துல இருக்கிறவங்க பிரியமா எதாவது செஞ்சா, அத நாங்க போய்த் தேடறதில்ல," என்றாள். பிறகு வேறு ஏதோ தாளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

திரும்பும் வழியில், மலை உச்சியில் காது அடைத்துத் திறக்கும் இடத்தில், மாயெலின் கேட்டாள். "அப்ப உங்க விதி?"

"நான் போட்டதுதான? நானே எடுக்கிறேன்."

பெர்னி காசோலையைத் திரும்ப அனுப்பச் சொல்லி எழுதினார். அதில் அவருக்குத் தடை இல்லை. கல்லூரி அனுப்பியும்விட்டது. தொடர்ந்து ஆதரவு தர வேண்டும் என்று கூடவே ஒரு நன்றிக் கடிதமும் இருந்தது. யாரோ அதைக் கீழ்த்தளத்துப் பலகையில் குத்திவைத்தார்கள்.

ஆகஸ்டின் முதல் வாரத்தில் கூட்டம். மின்விசிறி ஒரு பக்கமாகத் திரும்பிப் போய் அங்கேயே சிக்கிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. வெரா நடந்ததைச் சொன்னாள். ஸ்காலர்ஷிப் என்று பெயர் வைக்காமல், டிக்னாவின் கையில் தேவாலயத்தின் அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்றாள்.

பெர்னி பேனாவை மூடினார். "பொண்ணு காலேஜுக்குக் கையெழுத்துப் போட்டுத் தரணும், வெரா. வெளியில என்ன வாங்கினாலும் சொல்றேன்னு. அவள பொய் சொல்லச் சொல்றியா? அதுவும் சர்ச்சுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு?"

"அவளுக்குக் குடுக்கல. அவங்கம்மாவுக்குக் குடுக்கிறோம்."

"அது ஒண்ணுதான்னு உனக்கே தெரியும்."

"தெரியும். அந்த காலேஜ் பண்ணது மட்டும் நேர்மையா?"

"இல்ல. ஆனா அது அவங்க விதி. இது நம்ம விதி. கையில குடுக்கக் கூடாது." அவர் குரலில் கெடுதல் இல்லை. விதி எழுதிய பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார், அவ்வளவுதான். "அதுவும் யார் கேட்டுப் போட்ட விதி!"

வெரா பேச வாய் திறந்தாள். அதற்குள் மேசையின் கடைசியிலிருந்து ரெஜினா, தலை நிமிராமல், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "டேலுக்குக் குடுத்த மாதிரியா?"

டோலி, "ஏய், ரெஜினா," என்றாள்.

வெராவிடம் பதில் இருந்தது. டேல் வேறு, இந்தப் பெண் வேறு. ஒரு பையன் வண்டி வாங்கினான் என்பதற்காக ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் திருடர்களாக்கி நான் எழுதவைத்த விதி அது. அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது விதி இல்லை, உங்கள் முகத்தைப் பார்த்து நிற்க ஓர் இடம். இதையெல்லாம் அவள் காரில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். டேல் என்ற பெயர் அந்த அறையில் இத்தனை வருடம் கழித்து விழுந்ததும் அதில் ஒன்றையும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

அவளும் டோலியும் இன்னொருத்தியும் கை தூக்கினார்கள். மற்றவர்கள் தூக்கவில்லை. பணம் வங்கியில் இருக்கட்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

வீட்டைச் சூடாக்கும் கொதிகலனை மாற்ற என்று வைத்திருந்த பணம் இருந்தது. "இந்தக் குளிர்காலமும் பழைய கம்பளிதான்," என்றான் எட். வெரா அதை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு வரிசை வீடுகளுக்குப் போனாள். டிக்னா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள், மேலங்கியில் ஒரு கை நுழைத்தபடி. உறையைப் பார்த்தாள், வெராவைப் பார்த்தாள். மகளிடம் மெதுவாக, நீளமாகப் பேசினாள்.

"என்ன சொல்றாங்க?"

மாயெலின் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சர்ச்ல எல்லார் முன்னாடியும் என் பேரச் சொன்னாங்க, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அது என் பொண்ணு ஜெயிச்சதுங்கிறாங்க. இது ஜெயிச்சது இல்லையாம்."

"கடனா வெச்சுக்கச் சொல்லு."

அவள் சொன்னாள். டிக்னா தலையசைத்து மறுத்துவிட்டு மறுபடியும் ஏதோ சொன்னாள். மாயெலின் திருப்பிச் சொல்லவில்லை.

"இன்னும் என்னமோ சொன்னாங்களே?"

"காபி குடிச்சிட்டுப் போகச் சொல்றாங்க."

சொன்னது அதுதானா என்று வெரா கேட்கவில்லை. காபி வந்தது. கறுப்பாக, இனிப்பாக, சின்னக் கோப்பையில். நின்றபடியே குடித்தாள். உறை கைப்பைக்குள் திரும்பிப் போனது.

செப்டம்பரில் பேருந்தை எடுத்தபோது முதல் வளைவிலேயே மாயெலின் நின்றிருந்தாள், அம்மாவுடையதைப் போலவே ஒரு மஞ்சள் மேலங்கியில். கிடங்குக்கு ஆள் ஏற்றும் வேன் அந்த மூலைக்குத்தான் வரும். கல்லூரி இடத்தை ஒரு வருடம் ஒதுக்கிவைக்கும், மானியத்தை ஒதுக்கிவைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். அவள் கையை உயர்த்தினாள். வெரா ஹாரனை லேசாகத் தட்டினாள். அதன் பிறகு தினமும் அப்படித்தான்.

தவக்காலம் வந்தது. வெரா போனாள். மூன்றாவது மேசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவள் யாரையும் கூப்பிடவில்லை.

பெயர் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் பெர்னி தாளே பார்க்காமல் பேசினார். "போன வருஷம் ஏமாந்த மாதிரி இந்தத் தடவை ஏமாறக் கூடாது. யோசிச்சுப் பாத்தேன். எந்தப் பிள்ளைக்குக் குடுத்தா நம்ம காசு உள்ள போய்க் காணாம போகாதோ, அந்தப் பிள்ளைக்குக் குடுப்போம். யூரிக் வீட்டுப் பையன் பிரெஸ்டன எடுத்துக்குங்க. அப்பா பல் டாக்டர். அதனால காலேஜ் அவனுக்கு மானியம்னு ஒண்ணும் தரல. தராததக் குறைக்க முடியாது. நாம குடுக்கிறது அப்படியே அவன் கட்டணத்துல கழியும். அவன் விஷயத்துல நம்ம காசு நம்ம காசாவே இருக்கும்."

"நல்ல பையன்," என்றாள் ரெஜினா. "பூசைக்கு உதவி பண்றான். பேரும் நம்ம வாயில நுழையுது."

வெரா அந்தக் கணக்கில் ஓட்டை தேடினாள். இல்லை. "அப்படின்னா இல்லாதவங்களுக்குக் குடுத்தா போயிடும், இருக்கிறவங்களுக்குக் குடுத்தா நிக்கும். அதான?"

பெர்னி வருத்தமாகத்தான் பார்த்தார். "நான் கணக்கச் சொல்றேன், வெரா. நியாயத்தச் சொல்லல."

இரண்டு வருடப் பணமும் சேர்த்து பிரெஸ்டனுக்குப் போனது. வெரா கை தூக்கவில்லை. அதை யாரும் கவனிக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

பெந்தெகொஸ்தே அன்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பாதிரியார் பெயரைச் சரியாக உச்சரித்தார். பிறகு காபிக்காகக் கீழ்த்தளத்தில் கூடியபோது பையன் வெராவைத் தேடி வந்தான். சின்ன வயதில் அவனும் அவள் பேருந்தில் போனவன்தான். வாந்தி எடுத்தால் அழாமல் தானே வந்து சொல்லும் பிள்ளை.

"ரொம்ப நன்றி, மிஸ் வெரா. நீங்கதான் இதெல்லாம் ஆரம்பிச்சீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"நல்லா படி. எப்பக் கிளம்பற?"

"ஆகஸ்ட்ல. அப்பா கட்ட வேண்டியதுல இவ்வளவு மிச்சமாயிடுச்சுல்ல, அத வெச்சு எனக்கு வண்டி எடுத்துக் குடுத்துட்டார். மேலதான் நிக்குது. வந்து பாக்கிறீங்களா?"

அவள் படியேறிப் போய்ப் பார்த்தாள். பிக்கப் வண்டி. நல்ல வெள்ளை. கண்ணாடியில் கடைக்காரன் ஒட்டிய தாளை இன்னும் கிழிக்கவில்லை. பையன் கதவைத் திறந்து காட்டினான். உள்ளே புதுத் தோல் வாசனை. வெரா பின்பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் சூடாக இருந்தது.

"வீட்டுல விட்டுடட்டுமா?"

"வேணாம்ப்பா. காசோலை நேரா காலேஜுக்குத்தான போச்சு?"

"ஆமா, மிஸ் வெரா. உங்க விதிப்படிதான்," என்றான் பையன், பெருமையாக.

அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள். உடை மாற்றவில்லை. சமையலறையில் நின்றுகொண்டே கரோலினாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா?" டேலின் குரல் பதறியது. "யாரு செத்தா?"

"யாரும் சாகல. அந்தக் கறுப்பு வண்டி இன்னும் ஓடுதா?"

"எது? அதுவா? அது போய் எத்தனையோ வருஷம் ஆச்சு. துருப்பிடிச்சுப் போச்சு, பழைய இரும்புக்காரன்கூடக் காசு குடுக்கல, சும்மா இழுத்துட்டுப் போனான். ஏம்மா?"

"சும்மாதான் கேட்டேன்."

டேல் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான், அப்பா எப்படி இருக்கிறார், கொதிகலன் மாற்றியாயிற்றா என்று. அவள் ஆமாம் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வண்டி மெதுவாக, புது வண்டிக்கு உரிய கவனத்தோடு, தெருவைத் தாண்டிப் போனது. வண்டிக்குள்ளிருந்து பையன் கையசைத்தான். வெரா போனை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டு அவனுக்குக் கையசைத்தாள்.